சட்டக் கல்லூரிப் பட்டியலில் பெயர் வராதவர்களுக்கு

(பாளையங்கோட்டையில் நடந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் சந்திப்பில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சட்டக் கல்வியும் சமூக நீதியும்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருந்தார்கள். அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, லிஸ்ட் போட்டுட்டாங்க. எம் பேரு இல்லண்ணே."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வீட்ல எப்படிண்ணே சொல்ல?" என்று கேட்டாள்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பி.ஏ. முடித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பித்திருந்தாள். ஊர் முழுக்க 'வக்கீலம்மா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். சீட் போனதைவிட, அந்தப் பெயரை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தவித்தாள். இன்று நான் பேசப்போவதெல்லாம் அவளுக்குச் சொன்ன பதில்தான். அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

முதலில் என் கதை. எனக்கும் முதல் வருஷம் பட்டியலில் பெயர் வரவில்லை. பகலில் கல்லூரி, சாயங்காலம் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் வேலை என்று படித்தவன் நான். டிகிரி மதிப்பெண் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லை என்று தெரிந்ததும் மூன்று நாள் வீட்டில் சொல்லவில்லை. நாலாவது நாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர். சொளவை மடியில் வைத்துக்கொண்டு, கையை நிறுத்தாமலே கேட்டார். அப்புறம் சொன்னார்: "கடைக்காரன் தெனமும் எம் பீடியில கொஞ்சத்தைக் கழிச்சிப் போடுதான். அந்தப் பீடி எரியாதா? அவன் கணக்குக்குக் கழிக்கான். மறுநா நான் சுத்தாம இருக்கேனா?"

பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புரியும். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் இலையும் தூளும் உழைப்பும் நம்முடையது. கழிக்கிறவன் கையில் ஒரு கணக்கு இருக்கிறது, அது பீடியின் தரத்தை மட்டும் பார்ப்பதில்லை என்பது எங்கம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

சேர்க்கைப் பட்டியலிலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு நம் மாநிலத்தில் டிகிரி மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். குறைந்தபட்சத் தகுதி என்று அகில இந்திய பார் கவுன்சில் வைத்திருப்பது பொதுப் பிரிவுக்கு 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. அந்தத் தங்கை 61 விழுக்காடு வாங்கியிருக்கிறாள். அவளுக்குத் தகுதி இருக்கிறது. இடம்தான் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது ஆதிக்க சாதிகளின் பழைய பழக்கம். அந்தப் பழக்கம் நம் மண்டைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மதிப்பெண் பட்டியலுக்கு என்ன தெரியும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அடுத்த வருஷம் அந்த மாணவன் பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தான். அந்த 469உம் ஏ.சி. அறையில் டியூஷன் வைத்துப் படித்தவன் எடுத்த 469உம் தரவரிசையில் ஒரே இடத்தில்தான் நிற்கும். பள்ளிகளில் சாதிக் கயிறு, சாதி வன்மம் பற்றி நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எந்தச் சூழலில் பரீட்சை எழுதுகிறார்கள் என்று அதைப் படித்தால் தெரியும். கட்-ஆஃப் எண்ணில் அது தெரியாது.

அதற்காக, "எல்லாம் சூழ்ச்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. பட்டியலைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். இங்கே பல பேருக்குத் தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் 20, பட்டியல் சாதி 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொதுப் போட்டி. பொதுப் போட்டி என்றால் 'முன்னேறிய சாதிகளுக்கு உரியது' என்று பொருள் கிடையாது. எல்லோருக்கும் உரியது. நம் பிள்ளை அந்த மதிப்பெண்ணை எடுத்திருந்தால் 31க்குள்தான் வர வேண்டும், 15இல் ஓர் இடத்தைக் குறைக்கக் கூடாது. அருந்ததியருக்கான 3 விழுக்காட்டில் தகுதியானவர் இல்லாமல் இடம் மிஞ்சினால் அது மற்றப் பட்டியல் சாதியினருக்கு வர வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே உங்கள் தரவரிசை என்ன, உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் என்ன, காலியிடம் எத்தனை என்று கேளுங்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு உடனே எழுதுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு. ஆனால் அதன் பதிலுக்கு முப்பது நாள் ஆகும். கலந்தாய்வு அதுவரை காத்திருக்காது. அதனால் முதல் கடிதம் அன்றைக்கே போக வேண்டும்.

இரண்டாவது விஷயம், பணம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். படிக்க 'கிளாட்' தேர்வு எழுத வேண்டும். அது ஆங்கிலத்தில் மட்டும்தான். பட்டியல் சாதி மாணவருக்கே சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 3,500 ரூபாய். அதற்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்று இங்கே இருக்கும் அம்மாக்கள் சொல்வார்கள். தேர்ச்சி பெற்றுவிட்டால் கலந்தாய்வுக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும், சில நாள் கெடுவுக்குள்.

2024இல் நடந்ததைக் கேளுங்கள். உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைப் புரட்டிக் கட்டுவதற்குள் கெடு முடிந்துவிட்டது. இடம் போயிற்று. அந்தத் தலித் மாணவர் விடவில்லை. சட்ட உதவி ஆணையத்துக்குப் போனார், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார், கடைசியில் உச்ச நீதிமன்றம் போனார். செப்டம்பர் 30 அன்று, அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு நடத்தப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நம் மாவட்ட நீதிமன்றத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது.

தவறு நடந்திருந்தால் இப்படிப் போராட வேண்டும். தவறே நடக்காமல், கட்-ஆஃபில் உண்மையிலேயே தவறியிருந்தால்? பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. அப்போது என்ன செய்வது?

அண்ணல் அம்பேத்கரை நாம் கோட்டும் சூட்டும் போட்ட சிலையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 1917இல் அவர் லண்டனிலிருந்து பாதிப் படிப்போடு திரும்பினார். பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. அவருடைய புத்தகங்களை ஏற்றி வந்த கப்பலைப் போரில் மூழ்கடித்துவிட்டார்கள். பரோடாவில் வேலைக்குப் போனால் தங்க இடமில்லை, சாதி தெரிந்ததும் விடுதியிலிருந்து விரட்டினார்கள். மூன்று வருஷம் பம்பாயில் கிடைத்த வேலையைச் செய்து, காசு சேர்த்து, சாகு மகாராஜாவிடமும் நண்பர் நவல் பதேனாவிடமும் உதவி வாங்கி 1920இல்தான் மறுபடி லண்டன் போக முடிந்தது. பாரிஸ்டர் ஆனார். ஆனால் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதி 1923இல் மறுபடி கொடுத்தார், பட்டம் வந்தது. பம்பாயில் தொழில் தொடங்கியபோது கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்கவில்லை. 1935இல் அதே பம்பாயில் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் ஆனார்.

இதைச் சொன்னதும், "நான் அம்பேத்கர் இல்லையே" என்று ஒரு தம்பி முனகுவது கேட்கிறது. நானும் இல்லை தம்பி. நான் சொல்ல வந்தது 1917க்கும் 1920க்கும் நடுவிலிருந்த மூன்று வருஷம் பற்றி. அந்த மூன்று வருஷமும் அவர் படித்துக்கொண்டேதான் இருந்தார். எனக்கு வாய்த்தது ஒரு வருஷம். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வக்காலத்து நிரப்புவது, நகல் மனு போடுவது, வாய்தா தேதி குறிப்பது. முதல் தகவல் அறிக்கையில் எதை எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட எதை விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம் இடம் கிடைத்துக் கல்லூரிக்குப் போனபோது, கூடப் படித்தவர்களுக்குப் புத்தகமாக இருந்தது எனக்கு ஏற்கெனவே பழகிய முகமாக இருந்தது.

இங்கிருந்து ஒரு மைல் தூரத்தில் கொக்கிரகுளம். 1999 ஜூலை 23. சிறையில் கிடந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கவும் கூலி உயர்வுக்கும் ஊர்வலமாக வந்தவர்களைக் காவல்துறை அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. பதினேழு பேர் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் ஒன்று. நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்துக் காவல்துறையின் செயலை நியாயப்படுத்தியது. 2024இல், தோட்டத்தை மூடப்போகிறோம், விருப்ப ஓய்வில் போங்கள் என்று சொன்னபோது, அதே மாஞ்சோலை மக்கள் மறுபடியும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஜூலையும் ஆற்றங்கரையில் மாலை போடுகிறோம். போட வேண்டும். அதோடு, சாட்சி பிறழாமல் பார்த்துக்கொள்ளவும், ஜாமீன் மனுவை எதிர்த்து நிற்கவும் ஆள் வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்று ஒரு பிரிவு உண்டு. ஜாமீன் மனு உட்பட வழக்கின் முக்கியமான ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லலாம். அவருக்குத் தகவல் கொடுக்காமல் ஜாமீன் விசாரணை நடத்தக் கூடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விதிகளில் 4(5) இருக்கிறது: பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞரை அரசுத் தரப்பில் நியமிக்கும்படி மாவட்ட ஆட்சியரைக் கேட்கலாம். எத்தனை சேரிகளில் இது தெரியும்? இதைப் போய்ச் சொல்ல வக்கீல் கவுன் தேவையில்லை. இந்த ஒரு வருஷத்தில் நீங்களே சொல்லலாம்.

மேலவளவில் 1997இல் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கை வருஷக்கணக்காகத் தூக்கிச் சுமந்தவர் வழக்கறிஞர் பொ. இரத்தினம். அவர் எந்தக் கல்லூரியில் எந்த வரிசை எண்ணில் சேர்ந்தார் என்று மேலவளவில் யாரும் கேட்டதில்லை.

அடுத்த கதவு பற்றியும் ஒரு நல்ல செய்தி. படித்து முடித்தாலும் வக்கீலாகப் பதிவு செய்யவே பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் கேட்டார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. ஒடுக்கப்பட்டவர்களை இந்தத் தொழிலுக்கு வெளியே நிறுத்துகிற கட்டணம் சமத்துவத்துக்கு விரோதம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். நீங்கள் வரும்போது அந்தக் கதவு கொஞ்சம் அகலமாகவே இருக்கும்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியல் வந்த அன்று, "அந்த வீட்டுப் பையனுக்குக் கிடைச்சிருக்கே" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் சோறு போடுங்கள். நம் பிள்ளைகள் தனக்காக மட்டும் பரீட்சை எழுதுவதில்லை, தெருவையே தோளில் தூக்கிக்கொண்டு எழுதுகிறார்கள். தோற்றால் தெருவையே தோற்கடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். தம்பி தங்கைகளே, தூக்கம் வராத ராத்திரியில் தனியாக இருக்காதீர்கள். எனக்கு போன் செய்யுங்கள். என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

போன் செய்த அந்தத் தங்கை இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். யாரென்று காட்ட மாட்டேன். 'வக்கீலம்மா' என்ற பெயரை யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை வன்கொடுமை வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தில் எனக்கு ஒரு சாட்சி விசாரணை இருக்கிறது. நீதிமன்றம் பொது இடம், யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பேன். பட்டியலில் பெயர் வந்தவர்களும் வாருங்கள், வராதவர்களும் வாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்தால் போதும்.