புள்ளி வைத்தால் கோலம் வரும்

(தொடர்கல்வி மையத்தில் பேசியது)



மார்கழி பிறந்துவிட்டது. அடுத்து போகி, சங்கராந்தி, கனுமு. சித்தூரிலும் திருப்பதியிலும் வாசலெல்லாம் கோலமாக இருக்கும். நாம் கோலம் என்கிறோம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா முக்கு என்கிறார். நமக்குப் புள்ளி, அவருக்குச் சுக்க. பெயர்தான் வேறு. மாவு ஒன்றுதான்.

திருமலைக் கோயிலில் மார்கழி மாதம் சுப்ரபாதத்துக்குப் பதில் ஆண்டாளின் திருப்பாவையைப் பாடுகிறார்கள். அது தமிழ்ப் பாட்டு. கேட்பவர்களோ பல மொழிக்காரர்கள். கோலமும் அப்படி எல்லோருக்கும் பொது.

"எனக்குக் கோலம் வராது" என்று சிலர் சொல்கிறீர்கள். முன்பு "எனக்கு எழுத்து வராது" என்றும் சொன்னீர்கள். இப்போது எழுதுகிறீர்கள் அல்லவா? கோலமும் வரும். வாருங்கள், ஒரு நட்சத்திரக் கோலம் போடுவோம்.

முதலில் வாசலைப் பெருக்குங்கள். சாணம் கரைத்துத் தெளியுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. தரை லேசாக ஈரமாக இருந்தால் மாவு நன்றாகப் பிடிக்கும்.

மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுங்கள். அழுத்தாதீர்கள். விரலை மெல்லத் தேய்த்தால் மாவு தானாக இறங்கும். அரிசி மாவாக இருந்தால் எறும்பும் குருவியும் தின்னும். கல்மாவாக இருந்தால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வாயில் வைக்காமலும் பாருங்கள்.

இப்போது புள்ளி.

மேலே 1 புள்ளி வையுங்கள்.
அதன் கீழே 4 புள்ளி. மேல் புள்ளி இந்த நான்கின் நடுவுக்கு நேராக வரவேண்டும்.
அதன் கீழே 3 புள்ளி. நான்கு புள்ளிகளின் மூன்று இடைவெளிக்கும் நேராக வையுங்கள்.
அதன் கீழே மறுபடியும் 4 புள்ளி.
கடைசியில் 1 புள்ளி. முதல் புள்ளிக்கு நேர் கீழே வரும்.

கூட்டிப் பாருங்கள். 1, 4, 3, 4, 1. மொத்தம் 13.

இனிக் கோடு. மேலே உள்ள ஒற்றைப் புள்ளியில் தொடங்குங்கள். கீழ் நான்கு புள்ளி வரிசையின் இடது ஓரத்துக்கு இழுங்கள். அங்கிருந்து வலது ஓரம். அங்கிருந்து மறுபடியும் மேலே. ஒரு முக்கோணம் வந்துவிட்டது. அடுத்தது தலைகீழ் முக்கோணம். கீழே உள்ள ஒற்றைப் புள்ளியிலிருந்து மேல் நான்கு புள்ளி வரிசையின் இரண்டு ஓரங்களுக்கும் இழுங்கள். ஓரங்களைச் சேருங்கள். ஆறு முனை நட்சத்திரம் தயார். நடுவில் ஒரு புள்ளி மிஞ்சும். அதன்மேல் சாணப் பிள்ளையார் பிடித்து வைத்துப் பூசணிப் பூவைச் செருகுங்கள். கோடு கோணினால் கவலை வேண்டாம். அழித்துப் போடுங்கள். நாளைக்கும் வாசல் இருக்கிறது.

இதைப் போட்டுவிட்டால் பெரிய கோலமும் போடலாம். பத்திரிகையில் கோலப் படத்தின் கீழே சில எழுத்து இருக்கும். முன்பு அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனோம். இப்போது படிக்கலாம். "நேர்ப்புள்ளி 5 - 5" என்றால், வரிசைக்கு 5 புள்ளியாக 5 வரிசை. "இடைப்புள்ளி 7 - 4" என்றால், நடு வரிசையில் 7. அதற்கு மேலும் கீழும் 6, 5, 4 என்று இடைவெளியில் வைத்துக் குறைத்து வரவேண்டும். இவ்வளவுதான் ரகசியம்.

கோலத்தில் கணக்கு இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்ற பேராசிரியர்கள் இருந்தார்கள். கோலத்தின் ஒழுங்கைக் கணிதமாக எழுத முடியும் என்று அவர்களும் கமலா கிருத்திவாசனும் 1974ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார்கள். நம் வாசலில் தினமும் கிடக்கிற கணக்கு அது.

ஆனால் கோலம் பகலுக்குள் காலில் பட்டு அழிந்துவிடும். பாட்டி போட்ட எத்தனையோ கோலம் பாட்டியோடு போய்விட்டது. அவர் கையில் இருந்தது. நோட்டில் ஏறவில்லை. உங்களுக்குத் தெரிந்த கோலம் அப்படிப் போகக் கூடாது. ஒரு நோட்டு வாங்குங்கள். கோலத்தை வரையுங்கள். கீழே புள்ளிக் கணக்கை எழுதுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் பெயரைப் போடுங்கள். வேலைக்காக வெளியூர் போன மகளுக்கு ஒரு பக்கத்தைத் தபாலில் அனுப்பினால், அவள் வாசலிலும் உங்கள் கோலம் இருக்கும்.

கனுமு பண்டிகையில் வாசலில் தேர்க் கோலம் போடுவார்கள். தேரின் வடத்தை அடுத்த வீட்டு வாசல் வரை இழுத்து விடுவார்கள். அந்த வீட்டுக்காரர் அதை இன்னும் நீட்டுவார். அப்படியே தெரு முழுதும் ஒரே வடமாகிவிடும். அதேபோல் உங்கள் நோட்டையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அவர் நோட்டை வாங்கிப் படியுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கோலம் எழுதிக்கொண்டு வாருங்கள். புள்ளிக் கணக்கை நீங்களே படித்துக் காட்ட வேண்டும்.