வருமுன் காப்போம், வந்தபின் காலந்தாழ்த்தோம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்கள் முன் நோயைப் பற்றிப் பேச நிற்கிறோம். மங்கல நாளில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். பிள்ளைகள் நலமாயிருக்கும் வீட்டுக்கே விழா உண்டு. ஆதலால் சிறிது நேரம் செவி சாய்க்குமாறு வேண்டுகிறோம்.

நாம் வந்து குடியேறிய இந்நகருக்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1802-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு இங்கே அம்மைப்பால் குத்தப்பட்டது. இந்திய மண்ணில் முதன்முதல் அம்மை குத்திக்கொண்டவள் அக்குழந்தையே. பாக்தாது, பாஸ்ரா வழியாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றிக் குத்தியே அப்பாலைக் காத்துக் கொணர்ந்தனர். பின்னர் இங்கிருந்தே அது சென்னைக்கும் இலங்கைக்கும் சென்றது.

1896-இல் மாண்டவிப் பகுதியில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இருந்து உழைத்த அறிஞர் ஹாஃப்கின் அதற்குத் தடுப்பு மருந்து கண்டு, 1897 ஜனவரி 10-ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். பரேலில் உள்ள ஆய்வு நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பிளேக்கின் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. காற்றும் ஒளியும் புகும்படி அது வகுத்த பகுதிகளுள் ஒன்றே நம்மவர் பலர் வாழும் மாதுங்கா.

அந்த நாளைய பெரியம்மை 1975-இல் நம் நாட்டை விட்டு ஒழிந்தது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடு எனச் சான்று பெற்றது. இவையெல்லாம் ஊசியும் சொட்டு மருந்தும் செய்த அருஞ்செயல்கள். ஆயினும் நோய் நம்மை மறந்துவிடவில்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில், செம்பூருக்கு அடுத்த கோவண்டியில் தட்டம்மை பரவிற்று. பச்சிளங் குழந்தைகள் மாண்டனர். தாராவியும் தப்பவில்லை. கொரோனாக் காலத்தில் பல குழந்தைகளுக்கு உரிய ஊசிகள் விட்டுப்போனது அதற்கு ஒரு காரணம்.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதும், அயலார் வராமல் தடுப்பதும், பிள்ளையைத் தனியே கிடத்துவதும் நம் முன்னோர் வழக்கம். நோய் பரவாமல் காக்கும் அறிவு அதில் உண்டு. அதை நாம் இகழவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தட்டம்மை, உடலில் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னரே பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. நாம் வாசலில் வேப்பிலை செருகும் நாளில் அது அடுத்த வீட்டுக்குச் சென்றிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் நெருங்கியிருந்தால் ஒன்பது பேரைப் பற்றக்கூடிய நோய் அது. அதற்கு முன்னால் ஓடி நிற்க வல்லது ஊசி ஒன்றுதான்.

"தலைக்குத் தண்ணீர் ஊற்றட்டும், பிறகு டாக்டரிடம் போகலாம்" என்று காத்திருப்பதும் பொல்லாத வழக்கம். தடிப்பு ஆளைக் கொல்வதில்லை. அதைத் தொடர்ந்து வரும் நுரையீரல் அழற்சியும் வயிற்றுப்போக்குமே கொல்கின்றன. பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், மயங்கிக் கிடந்தாலும், வலிப்புக் கண்டாலும் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. தட்டம்மை கண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்து இரு நாள் கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்து கண்ணையும் உயிரையும் காக்கும். அதை மருத்துவர்தாம் அளவறிந்து தருதல் வேண்டும்.

இனி, நம்மவர்க்கே உரிய இடர் ஒன்று. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். பிறந்தவுடன் போடும் ஊசி திருநெல்வேலியில் நடக்கிறது. 6, 10, 14-ஆம் வாரத்து ஊசிகளுள் ஒன்று அங்கே, ஒன்று இங்கே, ஒன்று இரயில் பயணத்தில் மறந்துபோகிறது! அட்டையோ ஊரில் பெட்டிக்குள் தங்கிவிடுகிறது. ஒன்பதாம் மாதத்திலும், பதினாறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையிலும் போடவேண்டிய தட்டம்மை ஊசிகளுக்கும் இதே கதி. தாய்மார்களே, ஊர் விட்டு ஊர் செல்லும்போது பிள்ளையின் துணியோடு அட்டையையும் மடித்து வையுங்கள். ஓர் ஊசி தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாநகராட்சிச் சுகாதார நிலையங்களில் இவ்வூசிகளுக்குக் கட்டணம் இல்லை. சாதாரணச் சளிக்காகத் தள்ளிப்போடவும் வேண்டா. ஊசிக்குப்பின் இலேசாகக் காய்ச்சல் வந்தால் அஞ்சவும் வேண்டா.

காலத்தே நாடும் மருத்துவம் என்ன செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியதும் நம் தாராவியே. 2020 ஏப்ரல் 1-ஆம் நாள் அங்கே கொரோனா முதன்முதல் கண்டறியப்பட்டது. ஒரே அறையில் ஒரு குடும்பம், பல குடும்பத்துக்கு ஒரே கழிப்பிடம். தடுப்பூசியோ அன்று இல்லை. மாநகராட்சி ஊழியரும் அப்பகுதி மருத்துவரும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டோரைத் தேடினர். நோயுற்றோரைப் பிரித்து வைத்துப் பேணினர். அவ்வாண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். ஊசி இல்லாத நோயையே அடக்கிய மக்கள், ஊசி உள்ள நோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுக்கலாமா?

இச்சங்கம் செய்யத்தக்க பணியும் ஒன்று உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த தாய்க்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. சுகாதார நிலைய வாசலில் சொல்லத் தெரியாமல் திரும்பிவிடுகிறாள். நாட்கூலிக்குச் செல்பவளோ ஒரு நாள் ஊதியத்தை எண்ணித் தயங்குகிறாள். நம் இளைஞர்கள் இவர்களோடு உடன் சென்று நாலு சொல் மொழிபெயர்த்து உதவுவார்களானால், அதனினும் பெரிய தமிழ்த் தொண்டு வேறில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்குள் நம் தெருவில் ஊசி விட்டுப்போன பிள்ளை ஒன்றும் இல்லை என்று சொல்லும் நிலையை ஆக்குவோமாக.