எண்ணிக்கை வேண்டும், காட்டிக்கொடுப்பது வேண்டாம்

ஒரு தன்னார்வக் குழுவில் யாரெல்லாம் இருக்கிறார்கள், யாருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை என்பதை அறியத் திரட்டப்படுவது பன்மைத்தன்மை விவரம். பாலினம், சாதி, மதம், தாய்மொழி, மாற்றுத்திறன், வயது ஆகியவை இதில் அடங்கும். மயிலாப்பூரில் தனியாக வாழும் முதியோருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் குழுவோ, தியாகராய நகரின் ரத்ததானக் குழுவோ, பெசன்ட் நகர்க் கடற்கரையைச் சுத்தம் செய்யும் இளைஞர்களோ, இன்று பெரும்பாலும் ஒரு கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆள் சேர்க்கிறார்கள். பெயர், கைபேசி எண் என்று தொடங்கும் அந்தப் படிவம் சில கேள்விகளுக்குள் சாதிக்கும் மதத்துக்கும் வந்துவிடுகிறது.

எண்ணவே கூடாது என்பவர்களின் வாதம் செல்லாது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானித்தது. தமிழ்நாடு அதை வாழ்க்கையாகவே ஏற்றுக்கொண்டது. அது பெருமைக்குரிய சாதனை. ஆனால் பெயரிலிருந்து போன சாதி நிர்வாகக் குழுவிலிருந்து போய்விடவில்லை. எல்லோரும் வரலாம் என்று அறிவிக்கும் அமைப்பின் முடிவுகளை நான்கு தெருக்காரர்கள் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால், அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர எண்ணிக்கை தேவை. எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கு 1931ஆம் ஆண்டினுடையது. அந்த நீண்ட மௌனத்தால் பயனடைந்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

தவறு எண்ணுவதில் இல்லை, எண்ணும் முறையில் இருக்கிறது. கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, பதில் எழுதாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காதபடி செய்துவிட்டு, வந்த பதிலைச் சம்மதம் என்று சொல்வது அநியாயம். ரத்தம் கொடுக்க வந்தவருக்கு அவருடைய ரத்த வகையும் உடல்நிலையும் போதும், மதம் எதற்கு? படிவத்தை அனுப்புகிறவர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராகவோ, கல்லூரியில் வருகைப்பதிவு போடும் ஆசிரியராகவோ இருந்தால், மறுப்பது எளிதல்ல. மறுக்க முடியாத இடத்தில் வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது.

சென்னையில் சாதியைக் கேட்க நேரான கேள்விகூட வேண்டாம். சொந்த ஊர் எது, இனிஷியலின் விரிவு என்ன, சாப்பாடு சைவமா அசைவமா என்ற மூன்றையும் ஒன்றாகக் கேட்டால், பதில் சொன்னவரைப் பற்றி ஒரு முடிவு கட்டிவிடுகிறார்கள். ஊகம் சரியோ தவறோ, பாதிப்பு அவருக்குத்தான். டு-லெட் பலகையில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதும் தெருக்களில், ஒருவரைப் பற்றிய இந்த ஒரு வரி வெளியே போனால் வாடகை வீடு கைநழுவிப் போகலாம். வீட்டில் சொல்லாத திருநரோ தன்பால் ஈர்ப்பாளரோ என்றால் வீட்டையே இழக்கலாம்.

தனிப்பட்ட தகவல் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை நகரம் இருமுறை பார்த்தது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, உதவி கேட்டவர்களின் முகவரியும் கைபேசி எண்ணும் யாரும் திறக்கக்கூடிய எக்செல் ஷீட்டுகளில் ஏறின. உயிர் காக்க அன்று அது தேவைப்பட்டது. வெள்ளம் வடிந்த பிறகு அழிக்க வேண்டியதுதான் முறை. 2020 மார்ச்சில் தனிமைப்படுத்தப்பட்டோரின் வீடுகளில் மாநகராட்சி அறிவிப்பு ஒட்டியது. ஆழ்வார்ப்பேட்டையில் நடிகர் கமல்ஹாசன் குடியிருந்த பழைய வீட்டிலும் அது தவறாக ஒட்டப்பட்டுப் பிறகு அகற்றப்பட்டது. அவர் அறிக்கை விட்டு விளக்கினார். ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர் எந்தப் பத்திரிகையில் விளக்கம் கொடுப்பார்? அப்படி வாசலில் ஒட்டுவது பொதுவாகத் தேவையில்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பதும் பொய்யான ஆறுதல். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று 2000ஆம் ஆண்டில் லட்டான்யா ஸ்வீனி கணித்துக் காட்டினார். நாற்பது பேர் உள்ள குழுவுக்கு அந்த மூன்றும்கூட வேண்டாம். ‘சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்: 1’ என்று ஆண்டறிக்கையில் அச்சடித்தால், அது யார் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஐந்துக்கோ பத்துக்கோ குறைவான எண்ணிக்கையைத் தனியே வெளியிடாமல் மற்றவற்றோடு சேர்த்துவிடுவது புள்ளியியல் துறையில் பழகிப்போன நெறி.

சட்டமும் அந்தரங்கத்தின் பக்கம் நிற்கிறது, முழுதாக இல்லாவிட்டாலும். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்றார்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, விவரம் அறிந்து தந்ததாக இருக்க வேண்டும். கொடுத்த அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் தரவுப் பாதுகாப்புக்காக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த 2018 வரைவு சாதியையும் மத நம்பிக்கையையும் நுண்ணுணர்வுத் தரவு என்று தனியே காத்தது. 2023 சட்டம் அந்தப் பிரிவையே விட்டுவிட்டது. 1948இன் மக்கள்தொகைக் கணக்குச் சட்டமோ, வீடுவீடாக எழுதிய விவரத்தை யாரும் பார்வையிட முடியாது என்று பதினைந்தாம் பிரிவில் தடுக்கிறது. அரசாங்கக் கணக்கெடுப்பாளருக்குள்ள அந்தக் கட்டுப்பாடு, கூகுள் ஷீட்டின் இணைப்பை நாலு பேருக்கு அனுப்பும் ஒருங்கிணைப்பாளருக்கும் வேண்டாமா?

அன்புக்குரிய தன்னார்வலர்களே, படிவத்தின் முதல் வரியிலேயே எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், என்றைக்கு அழிப்போம் என்று தமிழில் எழுதுங்கள். சேர்க்கைப் படிவத்தோடு இதைச் சேர்க்காமல், பெயர் கேட்காத தனிப் படிவமாக வையுங்கள். ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற பதிலுக்கு இடம் கொடுங்கள், அப்படிச் சொன்னவருக்கும் அதே வேலையைக் கொடுங்கள். பாலினம் அவரவர் சொல்வதே என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு கூறியிருக்கிறது. முகத்தைப் பார்த்து நீங்கள் நிரப்பாதீர்கள். உங்கள் கைபேசியில் கிடக்கும் பழைய பட்டியல்களை இன்று இரவே அழித்துவிடுங்கள்.