பூட்டு யாருக்குத் தேவை?

(சேலத்தில் முதலாமாண்டுக் கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிய இணையத் தொழில்நுட்பங்கள் பற்றியும் மறையாக்கம் பற்றியும் எளிமையாகப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மறையாக்கம் என்றால் என்கிரிப்ஷன். ஒரு செய்தியை, அது யாருக்கு உரியதோ அவரைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் முறை. இதைப் பற்றிய வகுப்புகள் பெரும்பாலும் வங்கிக் கணக்கு, ஓடிபி மோசடி என்றுதான் தொடங்கும். நாம் சேலத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். நமக்குத் தொடங்குமிடம் வேறு.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், 21 வயது, பொறியியல் முடித்தவர், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில் தன்னோடு படித்த தோழியுடன் பேசிக்கொண்டிருந்தார். அவர் பட்டியல் சமூகத்து இளைஞர். தோழி கவுண்டர் சமூகத்தவர். தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையை நடத்திவந்த யுவராஜும் அவரது ஆட்களும் அங்கிருந்து அவரைக் கடத்திப் போனார்கள். தற்கொலை என்று காட்டக் கடிதம் எழுத வைத்தார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார்.

"மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கோகுல்ராஜ் எதை மறைத்தார்? பட்டப்பகலில், ஊரே வந்துபோகும் கோயிலில் உட்கார்ந்து பேசினார். யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற ஒரே ஒரு தகவல்தான் அங்கே வெளியே தெரிந்தது. அந்தத் தகவலே ஓர் உயிரை எடுக்கப் போதுமானதாக இருந்தது. சாதி எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது. யார் எந்தத் தெருவுக்குள் போகிறார்கள், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கிறார்கள், எந்தப் பெண் யாருடைய பைக்கில் ஏறுகிறாள் என்று கண்காணித்துக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்க முடியும். ஆகவே அந்தரங்கம் என்பது வசதி படைத்தவர்களின் கவலை என்று நினைக்காதீர்கள். கண்காணிக்கப்படுபவர்களுக்குத்தான் பூட்டு தேவை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நமக்காகவும் எழுதப்பட்டதுதான்.

சரி, பூட்டு எப்படி வேலை செய்கிறது?

திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்வோம். சாவி இல்லாமலே அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை. நீங்கள் எனக்கு ஒரு ரகசியக் கடிதம் அனுப்ப வேண்டும். நம் இருவரிடமும் ஒரே மாதிரிச் சாவி இருந்தால் எளிது. ஆனால் அந்தச் சாவியை முதலில் எப்படி உங்களிடம் சேர்ப்பது? வழியில் யாராவது அச்சு எடுத்துவிட்டால்? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ரகசிய எழுத்தில் இருந்த சிக்கல் இதுதான்.

1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். அந்தச் சிந்தனையைப் பூட்டாகவே சொல்கிறேன். நான் சாவியை உங்களுக்கு அனுப்புவதே இல்லை. திறந்த பூட்டை அனுப்புகிறேன். நீங்கள் கடிதத்தைப் பெட்டியில் வைத்து அந்தப் பூட்டை அழுத்திப் பூட்டி அனுப்புகிறீர்கள். பூட்டிய பிறகு உங்களாலேயே திறக்க முடியாது. சாவி என்னை விட்டு எங்கும் போகவில்லை. என் திறந்த பூட்டு ஊரில் எத்தனை பேர் கையில் இருந்தாலும் பயமில்லை.

கணினியில் இரும்புக்குப் பதில் கணக்கு. 47ஐயும் 59ஐயும் பெருக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் 2773 என்று சொல்லிவிடுவீர்கள். 2773 எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேட்டால் தடுமாறுவீர்கள். 1977இல் வந்த ஆர்எஸ்ஏ முறை இந்தத் தடுமாற்றத்தின் மேல்தான் நிற்கிறது. இன்று பயன்படும் ஆர்எஸ்ஏ எண்கள் 600 இலக்கங்களுக்கும் மேல் நீளமானவை. எவ்வளவு பெரிய கணினியாலும் அவற்றை நடைமுறையில் பிரித்தெடுக்க முடியவில்லை.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு. 1883இலேயே கெர்க்கோஃப்ஸ் என்பவர் ஒரு விதி சொன்னார்: பூட்டு செய்யும் முறை எதிரிக்குத் தெரிந்தாலும் பூட்டு நிற்க வேண்டும், சாவி மட்டும்தான் ரகசியம். அதனால்தான் நல்ல மறையாக்க முறைகள் எல்லாம் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. உலகமே சோதித்துப் பார்க்கிறது. அறிவைச் சிலர் காதுக்குள் மட்டும் ஓதி, மற்றவர் கேட்டால் குற்றம் என்று வைத்திருந்த மரபுக்கு இது நேர் எதிரானது. அந்தக் கணக்கைக் கற்க உங்களை யாரும் தடுக்க முடியாது. கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாச் செயலியிலும் ஒரே பூட்டு இல்லை. இணைய முகவரியில் ஹெச்டிடிபிஎஸ் என்று இருந்தால் உங்கள் கைப்பேசியிலிருந்து அந்த நிறுவனத்தின் கணினி வரைக்கும்தான் பூட்டு. அங்கே போனதும் திறந்துவிடும். அவர்கள் படிக்கலாம். முனைக்கு முனை மறையாக்கம் என்றால் அனுப்புபவர் கைப்பேசியில் பூட்டி, பெறுபவர் கைப்பேசியில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் நிறுவனத்தாலும் படிக்க முடியாது. சிக்னல் அப்படிப்பட்டது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் அதே முறையை எல்லோருக்கும் கொண்டுவந்தது. டெலிகிராம் அப்படி இல்லை. அதில் 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கினால்தான் முனைக்கு முனைப் பூட்டு. குழுக்களுக்கு அதுவும் கிடையாது. சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கும் கிடையாது.

பூட்டு எதை மறைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாமக்கல் லாரி ஒன்று தார்ப்பாய் இழுத்துக் கட்டிப் போகிறது. உள்ளே முட்டையா, ஜவ்வரிசியா என்று டோல்கேட்டில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் வண்டி எண், எத்தனை மணிக்குப் போனது, எந்தத் திசை, வாரத்துக்கு எத்தனை நடை என்பதெல்லாம் தெரியும். நம் செய்திகளும் அப்படித்தான். யார் யாருக்கு, எப்போது, எத்தனை முறை என்பது பூட்டுக்கு வெளியே கிடக்கிறது. இரவு 11 மணிக்குத் தினமும் ஒரே எண்ணுக்கு அழைப்பு போனால் என்ன பேசினார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. திருச்செங்கோட்டில் நடந்ததும் அதுதான். பேசியது என்ன என்று அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பேசினார்கள் என்பது போதும்.

அடுத்தது, பூட்டு வழியைத்தான் காக்கும், முனைகளைக் காக்காது. 2021 ஜூலையில் பெகாசஸ் செய்தி வெளிவந்தபோது, உளவுக்குக் குறிவைக்கப்பட்டிருக்கக் கூடிய எண்களின் பட்டியலில் மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தி, தந்தை பெரியார் திராவிடர் கழகத்தின் கோவை இராமகிருட்டிணன் ஆகியோரின் எண்களும் இருந்தன. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் பூட்டை உடைப்பதில்லை. கைப்பேசிக்குள்ளேயே புகுந்து, நீங்கள் படிக்கும்போது சேர்ந்து படிக்கிறது. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் தீய மென்பொருள் வழியாகக் கோப்புகள் திணிக்கப்பட்டிருந்ததாக ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021இல் அறிக்கை தந்தது. அதே வழக்கில்தான் ஆனந்த் டெல்டும்டே சிறையில் அடைக்கப்பட்டார்.

ஆனால் உங்களில் பெரும்பாலானவர்களுக்கு வரும் ஆபத்து அவ்வளவு தொலைவிலிருந்து வராது. வீட்டுக்குள்ளிருந்து வரும். கைப்பேசியை ஐந்து நிமிடம் வாங்கி, வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' போய், வேறொரு கணினியில் கியூஆர் குறியை இணைத்துவிட்டால் போதும். அதன்பிறகு வரும் செய்தியெல்லாம் அங்கேயும் தெரியும். தூங்கும்போது விரலை எடுத்து வைத்தால் கைரேகைப் பூட்டு திறந்துவிடும். காப்புப் பிரதிக்குத் தனியாக மறையாக்கம் போடாவிட்டால், வீட்டில் உள்ளவருக்குத் தெரிந்த கூகுள் கணக்கிலேயே பழைய பேச்செல்லாம் கிடக்கும். 600 இலக்கப் பூட்டு இங்கே பயன்படாது.

இப்போது அரசின் வாதத்துக்கு வருவோம். குற்றவாளிகளைப் பிடிக்க மறையாக்கத்தில் ஒரு வாசல் வேண்டும் என்கிறார்கள். இந்த விவாதத்தின் முக்கியமான ஒரு கட்டம் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் நடந்தது. சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று 2018இல் வழக்கு வந்தது. பிறகு அது ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்கும் கேள்வியாக மாறியது. செய்தியோடு முதல் அனுப்புநரின் அடையாளத்தையும் சேர்த்துவிடலாம் என்று சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி 2019இல் யோசனை சொன்னார். 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் முதல் அனுப்புநரைக் காட்டித்தர வேண்டும் என்ற கடமை வந்தேவிட்டது. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது.

அந்த நிறுவனம் நம் நண்பன் இல்லை. அதன் வணிகம் வேறு. ஆனால் அரசின் வாதத்தைக் கோகுல்ராஜ் வழக்கில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். 2015இல் வாட்ஸ்அப்பில் முழுமையான மறையாக்கம் வந்திருக்கவில்லை. தலைமறைவாக இருந்த யுவராஜ் அதே வாட்ஸ்அப்பில் வரிசையாக ஆடியோ வெளியிட்டார். ஊரெல்லாம் கேட்டது. மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியும் காவல்துறையால் பிடிக்க முடியவில்லை. அக்டோபர் 11 அன்று ஆதரவாளர்கள் சூழ நாமக்கல்லில் அவராகவே வந்து சரணடைந்தார். அங்கே தடையாக இருந்தது எந்தப் பூட்டு?

தண்டனை எப்படிக் கிடைத்தது? சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை அளித்தது. யுவராஜுக்குச் சாகும்வரை சிறை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் திருச்செங்கோட்டுக்கே வந்து கோயிலில் நேரடியாக ஆய்வு செய்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். நேர்மையான விசாரணையும், விடாமல் நின்ற ஒரு தாயின் போராட்டமும்தான் அதைச் சாதித்தன. யாருடைய அந்தரங்கச் செய்தியையும் உடைத்துப் பெற்ற தண்டனை இல்லை அது.

சாதிவெறிக் குழுக்களும் இதே மறையாக்கத்துக்குள் ஒளிந்துகொள்கின்றனவே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் வெறுப்புப் பேச்சு பரவ ஆள் வேண்டும், கூட்டம் வேண்டும். நூறு பேர் இருக்கும் குழுவில் ஒருவர் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தால் போதும், எந்தப் பூட்டும் உடைபட வேண்டியதில்லை. அரசுக்கு ஒரு வாசல் வைத்தால், அந்த வாசலில் யார் நிற்பார் என்று யோசியுங்கள். சாதிச் சங்கத் தலைவருக்கு வேண்டிய அதிகாரி நிற்கும் நாளும் வரும்.

சட்டமே சில இடங்களில் நம்மைத் திறந்து காட்டுகிறது. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யப் போனால், பெயரும் முகவரியும் கொண்ட அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்பட்டு, 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருக்க வேண்டும். சாதி மறுத்து மணப்பவர்களுக்கு அந்த 30 நாள் என்ன என்று இந்த மாவட்டங்களில் விளக்க வேண்டியதில்லை. மறுபக்கம், 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டமான சுயமரியாதைத் திருமணத்துக்குப் பகிரங்க அறிவிப்பு கட்டாயமில்லை, அது இணையரின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பூட்டு ஓர் உரிமை என்று சட்டத்தின் மொழியில் சொன்னதாகவே அதை நான் வாசிக்கிறேன்.

புதிதாக வருபவை பற்றி இரண்டு வார்த்தை. குவாண்டம் கணினி வலுவடைந்தால் பெரிய எண்ணைப் பிரிக்கும் தடுமாற்றம் போய்விடும். அதனால் அதைத் தாங்கும் புதிய முறைகளை அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்ட்டில் தரமாக வெளியிட்டது. சிக்னல் 2023இலேயே அப்படியொரு முறையைச் சேர்த்துக்கொண்டது. செயற்கை நுண்ணறிவு வேறு வகை. செய்தியைச் சுருக்கித் தருகிறேன் என்று கைப்பேசிக்குள் வரும் உதவியாளர், பூட்டு திறந்த பிறகு உட்கார்ந்து படிக்கும் ஆள். அனுமதி கொடுக்கும் முன் யோசியுங்கள்.

செய்ய வேண்டியவை சில. 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள். கைரேகைக்குப் பதில் ஆறு இலக்க எண் வையுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பையும், காப்புப் பிரதிக்கு மறையாக்கத்தையும் போடுங்கள். ஆபத்தில் இருக்கும் தோழரிடம் பேசச் சிக்னலில் தானாக அழியும் செய்தியை வையுங்கள். அவருடைய படத்தையோ இருக்கும் இடத்தையோ நல்லெண்ணத்தில்கூடப் பகிராதீர்கள்.

மிரட்டல் வந்தால் இதற்கு நேர்மாறு. எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, செய்தி வந்த கைப்பேசியே சான்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் ஹாஷ் எண் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முழுதாக மாறிவிடும். ரகசியம் காக்கும் அதே கணக்கின் குடும்பம்தான், உண்மை திருத்தப்படவில்லை என்றும் காட்டுகிறது.

கடைசியாக ஒன்று. எந்தப் பூட்டும் கோகுல்ராஜைக் காப்பாற்றியிருக்காது. இரண்டு பேர் ஒளிந்து பேச வேண்டிய தேவையே இல்லாத ஊரைக் கட்டுவதுதான் நம் வேலை. அதற்கு ஆட்கள் உயிரோடு இருக்க வேண்டும், சேர்ந்து பேச வேண்டும், திட்டமிட வேண்டும். அதுவரை பூட்டு வேண்டும். சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.