மண்ணைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் வகுப்புகளில் இருப்போரில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் வேளாண்மைப் பட்டப்படிப்புக்கும் வந்தது. அதனால் கல்லூரிக் கதவு கொஞ்சம் அகலத் திறந்திருக்கிறது. உள்ளே போன பிறகு வகுப்பு, தேர்வு, விடுதி என்று நான்கு ஆண்டுகளும் ஓடிவிடும். பயிருக்கும் மண்ணுக்கும் அறிவியல் சங்கங்கள் இருப்பதும், மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளும் சங்கங்கள் உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் சொல்ல ஆளில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. கோவை வேளாண் கல்லூரியில் 1911இலேயே சென்னை வேளாண் மாணவர் சங்கம் தோன்றியது. அது 1913இல் தொடங்கிய இதழ்தான் இன்றும் ‘மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்’ என்று வருகிறது. மண்ணுக்கென்று 1934இல் கொல்கத்தாவில் இந்திய மண்ணியல் சங்கமும், 1955இல் இந்திய உழவியல் சங்கமும் அமைந்தன.

சங்கத்தில் சேர்ந்தால் இதழ் படிக்கலாம், கருத்தரங்குக்குப் போகலாம். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. தான் அளந்ததை நாலு பேர் முன் வைத்து, “எப்படி அளந்தாய்?” என்ற கேள்விக்கு விடை சொல்லும் பழக்கம் வரும். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு மண் மதிப்பீட்டுப் போட்டியே நடக்கிறது. குழிக்குள் இறங்கி, மண்ணின் அடுக்குகளைத் தொட்டுப் பார்த்து எழுத வேண்டும்.

அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம். நம் மாவட்டங்களே நல்ல ஆய்வுக்கூடம். பெரம்பலூர் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி, அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில், மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. நிலக்கடலையின் இளம் இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு யூரியா பற்றவில்லை என்று இன்னொரு மூட்டை வாங்கிப் போடுவோர் உண்டு. காசு போகும், மஞ்சள் போகாது. அந்த வீட்டுப் பிள்ளை நம் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே பத்துப் பிள்ளைகளும் ஒரு குறிப்பேடும் போதும். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் தவிர்த்து, வயலில் 10 முதல் 15 இடங்களில் ‘வி’ வடிவக் குழி எடுக்கட்டும். நெல், கடலைக்கு 15 செ.மீ. ஆழம், பருத்திக்கு 22.5 செ.மீ. மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, கால் கால் பாகமாகக் குறைத்து, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம். 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையில் கார அமில நிலை, கரிமச் சத்து உட்பட 12 அளவுகள் இருக்கும். டிசம்பர் 5, உலக மண் நாளில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு நிலத்தின் அட்டையை வகுப்பில் படித்து விளக்கட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வேளாண் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் இரண்டு செய்திகளைச் சொல்லி அனுப்புங்கள். முதலாண்டிலேயே பேராசிரியரிடம், எந்தச் சங்கத்தில் மாணவருக்கு இடம் உண்டு, கட்டணம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் பையில் எடுத்துவைக்க வேண்டும்.