அறிவித்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு?



பட்ஜெட் அன்றைக்கு டிவியில் கோடி கோடியாகக் கொட்டுகிறது. கைத்தறிக்கு இத்தனை, வேட்டி சேலைக்கு இத்தனை என்று மேசையைத் தட்டுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்து. அதோடு சரி. அந்தப் பணம் வந்து சேர்ந்ததா என்று அடுத்த வருடம் கேட்பவர் யார்?

பட்ஜெட் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் நேரே வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, கணக்கு என்று தொகை போட்டிருக்கும். முதலாவது, கொடுக்கிறேன் என்ற வாக்கு. இரண்டாவது, வருடக் கடைசியில் வெட்டியோ கூட்டியோ எழுதுவது. உண்மையில் செலவானதைச் சொல்வது மூன்றாவது. அது அச்சில் வருவதற்குள் கைதட்டியவர்கள் எல்லாம் மறந்திருப்பார்கள்.

நம்ம சென்னிமலைக் கதைக்கே வருகிறேன். தீபாவளிக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பெட்ஷீட்டை 20 சதவீதத் தள்ளுபடியில் விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு வாங்குகிறவர் 800 கொடுத்துவிட்டுப் போகிறார். மீதி 200 அரசு தர வேண்டிய ரிபேட். அது வருகிறவரை சங்கம் மத்தியக் கூட்டுறவு வங்கியில் கடன் எடுத்துத்தான் நூல் வாங்க வேண்டும். ரிபேட் பாக்கி ஏட்டிலேயே கிடக்கும். வங்கி வட்டி ஒரு நாள்கூட நிற்காது. அப்புறம் கூலியைக் கூட்டுங்கள் என்றால், சங்கத்தில் பணமில்லை என்று பதில். தாமதத்துக்கு வட்டி கட்டுகிறவர் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாடா ஓட்டுகிற நம் அக்காவும் அண்ணனும்தான்!

பாக்கியைக் கொடுக்க அரசிடம் ஏன் பணமில்லை? 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றது. மறைக்காமல் சொன்னதை அன்றும் பாராட்டினேன், இன்றும் பாராட்டுகிறேன். ஆனால் 2003-லேயே நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் போட்ட மாநிலம், 2025-26 பட்ஜெட்டிலும் 41,000 கோடிக்கு மேல் வருவாய்ப் பற்றாக்குறை காட்டியது. கடன் நிலுவை 9 லட்சம் கோடியைத் தாண்டும் என்று அரசே எழுதியது. அணை கட்டக் கடன் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. அன்றாடச் செலவுக்கும் பழைய வட்டிக்கும் வாங்குகிற கடன் யாருடைய தலையில் விடியும்? இரண்டு கழக ஆட்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்தக் கணக்கையெல்லாம் கேட்க வேண்டிய இடம் பொதுக் கணக்குக் குழு. நாடாளுமன்றத்தில் 1967 முதல் அதன் தலைமை எதிர்க்கட்சிக்குத் தருவது மரபு. நம் பேரவையில் 2021-ல் அது ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிக்குப் போனது. இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். கணக்கு எழுதுகிறவருடைய பங்காளியா தணிக்கை பார்ப்பது?

1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தவர் நம்ம கோயமுத்தூர் சண்முகம் செட்டியார். பத்து வருடம் சென்னை மாநிலத்தின் நிதியைப் பார்த்தவர் பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். அவர்கள் பிறந்த மண்ணில் இருக்கிற நமக்குக் கணக்குக் கேட்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பெருந்துறைத் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, கைத்தறி மானியக் கோரிக்கை பேரவைக்கு வரும் நாளில் எழுந்து கேட்கட்டும்: சங்கவாரியாக ரிபேட் பாக்கி எவ்வளவு? மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தொகையைச் சங்க வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். தாமதமான நாட்களுக்கு வட்டியை அரசே கட்ட வேண்டும். தீர்மானத் தாள் இந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.