தலையெழுத்தை எழுதியவர் யார்?

(நமுனுகுலவில் நடைபெற்ற பகுத்தறிவுக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்துகையில், "ஆசாரமான சைவக் குடும்பத்தில் பிறந்து நாத்திகரானவர்" என்று குறிப்பிட்டார்கள். அதைக் கேட்டதும் முன்வரிசையிலிருக்கும் தாய்மார் சிலர் என்னை இரக்கத்தோடு பார்த்ததைக் கவனித்தேன். அந்த இரக்கத்துக்கு என் நன்றி. கூண்டில் நிற்பவர்களைக் கேள்வி கேட்டே பிழைப்பு நடத்துகிற நான், இன்று நானே சாட்சிக் கூண்டில் ஏறுகிறேன். நான் இந்த முடிவுக்கு வந்த கதையை வாக்குமூலமாகச் சொல்கிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் உரிமை.

கடவுள்மீது ஆணையிட விரும்பாத சாட்சி, உறுதியுரை மட்டும் செய்து சாட்சியம் சொல்ல நம் நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. இது எளிதாகக் கிடைத்த உரிமையன்று. இங்கிலாந்தில் சார்ள்ஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880ஆம் ஆண்டு தேர்தலில் வென்றும், இந்த ஆணைத் தகராறினாலேயே 1886 வரை பாராளுமன்றத்தில் முறையாக அமர முடியாமல் அலைக்கழிக்கப்பட்டார். அத்தகையோர் பட்ட பாட்டின் பயனை நாம் அனுபவிக்கிறோம். ஆகவே, உறுதியுரை செய்து தொடங்குகிறேன்.

நான் வளர்ந்த வீடு

ஒன்பது சிகரங்களைக் கொண்டதால் பெயர்பெற்ற இந்த நமுனுகுல மலையின் சரிவில், ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். என் பாட்டனார் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை செய்தவர். விடியுமுன் பீலியில் குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும். நெற்றி நிறையத் திருநீறு பூச வேண்டும். தேவாரம் ஓதி முடித்த பிறகுதான் வாயில் தேநீர் படலாம். ஓதும்போது ஒரு சொல் தவறினால் காது திருகப்படும். ஆண்டுதோறும் பாட்டனார் கதிர்காமத்துக்கு நடந்தே போவார். அவர் நல்லவர், பிறர் காசுக்கு ஆசைப்படாதவர். ஆனால், பக்தியையும் பயத்தையும் ஒரே கிண்ணத்தில் கலந்துதான் அவருக்கு ஊட்டினார்கள். அவரும் அப்படியே எங்களுக்கு ஊட்டினார்.

1991ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், கந்தசஷ்டி விரதம். எனக்குப் பதினொரு வயது. மூன்றாம் நாள் பசி தாங்காமல், அடுப்படியில் இருந்த ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து ஒளிந்து தின்றுவிட்டேன். அன்றிரவே ஆறு வயதான என் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. கோடாங்கியை அழைத்தார்கள். இரண்டு இரவுகள் உடுக்கடித்தார். "முனி பிடித்திருக்கிறது, வீட்டில் யாரோ விரதத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்றார். நான் சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பிள்ளைக்கு நினைவு தவறியது. மழையில் பாதை சரிந்து கிடந்தது. கொழுந்து லொறியைக் கேட்டுப் பெறுவதற்குள் நண்பகலாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அன்று மாலையே தங்கை இறந்தாள்.

"அவள் தலையெழுத்து" என்றார் பாட்டனார். ஊரும் அதையே சொல்லிற்று. எனக்கு மட்டும் வேறொன்று தெரியும் என்று எண்ணினேன். கொன்றவன் நான், கொய்யாப்பழம் தின்ற நான். இதை யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் ஆறு ஆண்டுகள் என்னைவிடப் பக்தியுள்ள சிறுவன் அந்தத் தோட்டத்தில் இல்லை. அதைப் பக்தி என்றார்கள் பெரியவர்கள். தண்டனைக்கு அஞ்சிய கைதியின் ஒழுக்கம் அது.

கோவூர் கற்பித்த கேள்வி

பதுளையில் உயர்தரம் படிக்கையில் ஆசிரியர் ஒருவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர் அவர்களின் கட்டுரைகளை எனக்குப் படிக்கத் தந்தார். கோவூரை இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள். 1898இல் கேரளத்தின் திருவல்லாவில், மார்த்தோமா சபையின் பெரிய குருவானவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். வேதப்புத்தகத்தின் நடுவே வளர்ந்தவர். 1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார்; தாவரவியல் கற்பித்தார்; 1959இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் பேய், பில்லிசூனியம், சோதிடம், அற்புதம் என்று எங்கே பேச்சு எழுந்தாலும் அங்கே சென்று ஆராய்வதையே தம் தொண்டாகக் கொண்டார்.

அவர் தம் இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வதுண்டு. கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு ஊர் திரும்பினால் அயலார் கங்கைத் தீர்த்தம் கேட்பார்களாம். கங்கையின் நிலையைக் கண்ணால் கண்ட அவருக்கு அதை எடுத்துவர மனமில்லை. கேரளத்திலேயே பிடித்த சாதாரணத் தண்ணீரைக் கொடுத்தார். அதைக் குடித்து நோய் தீர்ந்ததாகப் பலர் வந்து நன்றி சொன்னார்களாம். நலம் பெற்றோம் என்று அவர்கள் சொன்னது பொய்யன்று. காரணம் என்று நம்பியதுதான் தவறு. மனிதனின் நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த இளைஞர் அன்றே கண்டுகொண்டார்.

1963ஆம் ஆண்டு அவர் ஓர் அறைகூவல் விடுத்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளின்கீழ் தெய்வீக சக்தியை மெய்ப்பித்துக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் என்றார். அந்நாளில் அது பெருஞ்செல்வம். 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வென்றதில்லை. நம் ஊவாவைச் சேர்ந்த கதிர்காமத்தின் தீமிதிப்பைப் பற்றியும் அவர் பேசினார். தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் அதில் படிவதோ ஒரு நொடிக்கும் குறைவு. ஆதலால் பக்தியில்லாதவனும் முறையறிந்தால் நடக்கலாம் என்றார். இறந்தபின் தம் கண்களைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவக் கல்விக்கும் எழுதிவைத்தார்.

அந்தக் கட்டுரைகள் எனக்குக் கடவுள் இல்லை என்று கற்பிக்கவில்லை. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கக் கற்பித்தன. பிறகு சட்டம் படித்தபோது அதே கேள்வியை 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் கண்டேன். ஒன்று உண்டு என்று சொல்லித் தீர்ப்புக் கேட்பவனே அதை எண்பிக்க வேண்டும். ஒரு பேர்ச்சஸ் காணிக்கு இவ்வளவு சாட்சியம் கேட்கிற நாம், ஒரு பிள்ளையின் உயிரைப் பற்றிக் கோடாங்கி சொன்ன சொல்லுக்கு ஒரு சாட்சியமும் கேட்கவில்லையே!

தகரப் பெட்டியில் கிடைத்த சான்று

2003ஆம் ஆண்டு. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. நான் சட்ட மாணவன். பாட்டியாரின் பத்திரங்களைத் தேடி வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தேன். அதன் அடியில் தங்கையின் மரணச் சான்றிதழ் கிடந்தது. மரணத்துக்கான காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: மூளைக்காய்ச்சல். கொய்யாப்பழம் என்று எழுதியிருக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் சுமந்ததை அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இதையா இத்தன வருசமா மனசுல வச்சிருந்த, ராசா? பேரு போயிரும்னு மொத நாளு அவள விட்டுட்டு மலைக்குப் போனேனே, அதுக்குத்தான் சாமி எடுத்துக்கிருச்சுன்னு நானில்ல நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

தோழர்களே! ஒரே காம்பராவில், ஒரே கூரையின்கீழ், தாயும் மகனும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தத்தம்மையே கொலைகாரராக எண்ணி வாழ்ந்திருக்கிறோம். ஆனால், தோட்டத்தில் ஏன் ஒரு வைத்தியர் இல்லை, நோயாளியை ஏற்ற ஏன் ஒரு வண்டி இல்லை, மழைக்கு ஏன் பாதை சரிகிறது என்று அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை! பழி முழுவதையும் எங்கள் தலைமீதே போட்டுக்கொண்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? அன்றுதான் நான் நாத்திகனானேன்.

"மூளைக்காய்ச்சலை அனுப்பியவர் யார்?" என்று கேட்பவர் உண்டு. ஒரு பழத்துக்காக ஆறு வயதுக் குழந்தையைக் கொல்கிறவனை எந்த நீதிமன்றமும் மன்னிக்காது. அப்படிப்பட்டவனுக்கு நான் ஏன் கற்பூரம் ஏற்ற வேண்டும்?

எழுதியது மனிதன் கை

"விதி" என்ற நம் தமிழ்ச் சொல்லைக் கவனியுங்கள். ஊழுக்கும் அதுதான் பெயர். மனிதர் இயற்றும் சட்ட விதிக்கும் அதுதான் பெயர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் நம் மக்கள் இழந்தது கொஞ்சமன்று.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம் முன்னோரைக் குடியுரிமையற்றவராக்கியது. அடுத்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பங்கு போட்டது. நானூறு கல் கடந்து போன குடும்பங்களும், பிரிந்த உடன்பிறப்புகளும் "எல்லாம் தலையெழுத்து" என்று அழுதார்கள். அந்த எழுத்தை எழுதியவர்களின் பெயரும், எழுதிய நாளும், பக்கமும் அச்சில் இருக்கின்றன. பிரமன் பெயர் அதில் இல்லை. மனிதர் எழுதியதால்தான் 2003இல் மனிதரால் அதைத் திருத்தி எழுத முடிந்தது.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழலாம். 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தவர்களில் பெரும்பாலோர் பக்தர்கள்தாமே என்று கேட்கலாம். உண்மை. அவர்களை வணங்குகிறேன். ஆனால் உரிமை கேட்டு அவர்கள் உட்கார்ந்த அந்த நாள்களில் விதியைக் கோயிலிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள் என்பேன்.

இங்கே வந்திருக்கும் விவசாயத் தோழர்களைக் கேட்கிறேன். உருளைக்கிழங்குச் செடியின் இலை கருகினால் விதி என்று சும்மா இருக்கிறீர்களா? விதையைப் பார்க்கிறீர்கள், மண்ணைப் பார்க்கிறீர்கள், மழையையும் பனியையும் கணக்கிடுகிறீர்கள், அடுத்த போகத்தில் மாற்றிச் செய்கிறீர்கள். வயலில் நீங்கள் பகுத்தறிவுவாதிகளே. அந்த அறிவை வரம்போடு நிறுத்தாமல் வீட்டுக்குள்ளும் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அம்மாவும் கோயிலும்

கோயிலை இடி என்று சொல்ல நான் வரவில்லை. லயத்து மக்கள் துரையின் உத்தரவின்றித் தாமாகக் கூடி நிற்க முதலில் கிடைத்த இடம் அந்த மாரியம்மன் கோயில்தான். அதன் அருமை எனக்குத் தெரியும். சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் தருகிற நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, கும்பிடும் என் அம்மாவையும் கும்பிடாத என்னையும் ஒன்றாகவே காக்கிறது.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. திருவிழாவன்று நான்தான் கைபிடித்துப் படியேற்றி விடுகிறேன், வெளியே நிற்கிறேன். திரும்பி வரும்போது திருநீற்றை என் நெற்றிக்குக் கொண்டுவருவதுபோல் அவர் கை உயரும். பிறகு என் தலையைத் தடவிவிட்டு இறங்கும். அவர் என்னை மாற்ற முயல்வதில்லை. நானும் அவரை முயல்வதில்லை. ஆனால், பேரப்பிள்ளைக்குச் சென்ற ஆண்டு காய்ச்சல் கண்டபோது, "மொதல்ல டாக்டருகிட்ட ஓடு, சாமிய பொறகு பாத்துக்கலாம்" என்று என்னை விரட்டியவர் அதே அம்மாதான்!

தாய்மார்களே! கடவுளைக் கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் விருப்பம். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை, செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு சுவரோரம் நடுங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். துன்பம் வந்தால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்பவரிடம் சான்று கேளுங்கள். இதுவே என் வாக்குமூலம். இனி நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம்.